நூறு பவுண் காரும் மாமாட மொரிஸ் மைனரும்

இங்கிலாந்தில பிளிமத் என்று ஒரு துறைமுக நகரம். அங்கிருந்து மேற்கு ஆபிரிக்காவின் கம்பியா வரைக்கும் பழைய கார்களில் போகிற ஒரு ஓட்டம் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பமானது. பெயர் பிளிமத்–பஞ்சுல் சலஞ்ச். கோடிக்கணக்கில் செலவழித்து ஓடும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை நக்கலடிக்கத்தான் தொடங்கினார்களாம். தொடக்கத்தில் இருந்த விதியைக் கேளுங்கள்: கார் 100 பவுணுக்கு மேல் போகக் கூடாது, அதைத் திருத்த 15 பவுண். அந்தத் தகரத்தோடு பிரான்ஸ், ஸ்பெயின், மொரோக்கோ, மொரித்தானியா, செனகல் என்று பாலைவனத்தைக் கடந்து போய்ச் சேர வேண்டும். சேர்ந்த கார்களைப் பஞ்சுலில் ஏலம் விட்டு, சல்லியை அந்த நாட்டுத் தொண்டு வேலைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டிப் போனவர்கள் விமானத்தில் வீடு திரும்புவார்கள்.

எனக்கு இதில பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். கார் திரும்பி வராது.

மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் உம்மாட தம்பி. புத்தளத்தில் ஹயர் ஓடியவர். ஒரு மொரிஸ் மைனர் வைத்திருக்கிறார், அவருடைய வாப்பா வாங்கியது. த்ரீவீல் வந்த பிறகு ஹயர் குறைந்து போச்சு, காரை மட்டும் விற்கவில்லை. (சாமான் கிடைக்காது என்று நினைக்காதீங்க. 1990களில் இலங்கையிலேயே மொரிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாமா இதைச் சொல்லும்போது தானே அனுப்பின மாதிரி இருக்கும்.)

கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்விதான்: "போற பெற்றோல் சல்லிய நேரா குடுத்தா என்ன மகன்?"

நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களில் பாதிப்பேர் புத்தளத்தால்தான் போவார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வாகனங்கள் வரிசையாக வந்து, பிளேன்டீ குடித்து, படம் எடுத்துப் போவதை நாங்க நிறையப் பார்த்திருக்கிறோம். யாருக்காகப் போகிறார்கள் என்று கேட்டால் சிலருக்கே தெரியாது.

ஆனாலும் மாமாவுக்கு 2011இல் நடந்ததைச் சொன்னேன். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு பேர் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். 27 நாள், 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்தான். கிட்டத்தட்ட 20 லட்சம் டொலர் சேர்ந்தது, ஆஸ்பத்திரியும் எழும்பியது. 2016இல் அதே தூரத்தை வடக்கிலிருந்து தெற்காக நடந்தார்கள், காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக. இரண்டு பேரும் வீட்டிலிருந்தபடி தங்கட சல்லியைக் கொடுத்திருந்தால் அது ஒரு காசோலையோடு முடிந்திருக்கும். ரோட்டில் இறங்கினதால்தான் வழிநெடுக ஆட்கள் சேர்ந்து நடந்தார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் துண்டு விரித்து நிற்கிறவரைப் பார்த்துத்தானே நாங்களும் பைக்குள் கை விடுகிறோம்?

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் ஓடினேன்தானே, தொண்ணூறில" என்றார்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட சனம். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் நிறையப்பேர் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். எங்கட ஊர்களில் பள்ளிகள், பாடசாலைகள், தென்னந்தோட்டங்கள் எல்லாம் நிறைந்தன. அந்த நாட்களில் மாமா கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் இடையில் மொரிஸ் மைனரை ஓட்டியிருக்கிறார். போக 45 கிலோமீற்றர் அளவில் வரும். யாரிடமும் ஹயர் வாங்கவில்லை. பாலாவியில் ஒரு கடைக்காரர் பெற்றோல் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். எத்தனை பேரை ஏற்றினீங்க என்று கேட்டேன்.

"ஒருக்கா பதினொரு பேர். பின் ஸ்பிரிங்ல ஒரு பட்டை முறிஞ்சி போச்சி. ஒரு சின்னப் பொடியன், ஹோர்ன அடிக்கோணும் எண்டு ஒரே அழுகை. அடி எண்டு விட்டுட்டன். புத்தளம் வரக்குள்ள அடிச்சிக்கிட்டே வந்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அழுதவர்கள், கடலில் இரண்டு மூன்று நாள் கிடந்தவர்கள் பற்றி ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கும் ஹோர்னும்தான். பாலைவனத்தைக் கடப்பவர்கள் தங்கட கஷ்டத்தைத் தாங்களே தேடிப் போகிறார்கள், டிக்கெட்டும் கையில் இருக்கும். அந்தப் பதினொரு பேருக்குத் திரும்பிப் போக வருஷக்கணக்கு எடுத்தது. இன்னும் போகாதவர்கள் எங்கட தெருவிலேயே இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு.

இதை ஏன் இப்ப எழுதுகிறேன் என்றால், எங்கட பொடியன்மார் ஒரு யோசனையோடு இருக்கிறார்கள். இந்தக் கரையில் இருந்து மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் இரவு பஸ் எடுக்க வேண்டும். கூடப் போகிறவர்களுக்குத் தங்க இடம் தேட வேண்டும். அந்தச் செலவுக்கு ஒரு நிதி தொடங்கலாம், மாமாட காரைக் கற்பிட்டியில் இருந்து மஹரகமவுக்கு ஓட்டி, வழியில் ஒவ்வொரு ஊராக நிறுத்திச் சேர்க்கலாம் என்று. 180 கிலோமீற்றர் அளவில். ஆபிரிக்கா இல்லைதான்.

மாமா சம்மதித்தார், நிபந்தனையோடு. சேர்ந்த கணக்கைப் பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் பெயின்ட் போகும், ஆகவே துணி பெனர். கார் வெறுமையாகப் போகக் கூடாது, அன்றைக்குக் கிளினிக் இருக்கிறவர்களோடுதான் போக வேண்டும்.

"நோயாளி இதுல ஏறினா சூட்டுல செத்துடுவான். அவங்க வேன்ல போகட்டும். கூடப் போறவங்களும் சாமானும் என்ட கார்ல."

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் வெயில் ஏற முதல் சிலாபம் தாண்டலாம் என்கிறார். ரேடியேட்டருக்கு மட்டும் இரண்டு கேன் தண்ணீர். திகதி இன்னும் குறிக்கவில்லை, பின் ஸ்பிரிங்கை மறுபடியும் பார்க்க வேண்டுமாம்.