இரண்டு வேண்டாம்

கொடைக்கானலில் சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கும் ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறவர்களுக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் கை சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில் என் இங்கிலீஷ் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், ஸ்வெட்டரும் குல்லாவுமாக.

ஒரு நாள் ஓர் ஓட்டுநர் குழம்பிப்போய் வந்தார். வண்டியை விட்டு இறங்கிய வெளிநாட்டு அம்மா உடனே பணப்பையைத் திறந்திருக்கிறார். நாளைக்கும் சவாரி இருக்கிறதே, சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று இவர், 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்றிருக்கிறார். அந்த அம்மா முகம் மாறி, 'சாரி' சொல்லிப் பையை மூடிவிட்டார்.

"இப்பக் குடுக்க வேணாம்னு மரியாதையாத்தானே சார் சொன்னேன்? அதுக்கு எதுக்கு சாரி?"

தப்பு என்னுடையது. முந்தின வாரம் பலகையில் 'மஸ்ட்' என்பதற்கு நேரே வேண்டும் என்றும், 'மஸ்ட் நாட்' என்பதற்கு நேரே வேண்டாம் என்றும் எழுதிப்போட்டவன் நான். பாதிதான் சரி. மீதிப் பாதி அந்த அம்மாவின் முகத்தில் போய் விடிந்திருக்கிறது.

நம் வேண்டாம் ஒரே சொல்லாக நின்று இரண்டு வேலை பார்க்கிறது. உலகநீதியில் அடிக்கு அடி வருகிற வேண்டாம், செய்யாதே என்று தடுக்கிறது. 'எனக்குக் காபி போட வேணாம், குடிச்சிட்டேன்' என்பதில் தடை எதுவும் இல்லை. தேவை இல்லை, அவ்வளவுதான். எது எந்த வேண்டாம் என்று குரலே நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் தடைக்கு மஸ்ட் நாட், தேவையின்மைக்கு டோன்ட் ஹேவ் டு என்று தனித்தனி வாசல். வாசல் மாறி நுழைந்தால் குரல் எவ்வளவு குழைந்தாலும் கட்டளைதான்.

இதற்காக ஆங்கிலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நம்மிடமும் இதே விளையாட்டு இருக்கிறது. 'வரக்கூடும்' என்றால் ஒருவேளை வரலாம். அதை மறுத்து 'வரக்கூடாது' என்றால் வராமல் போகலாம் என்றா பொருள்? வாசலில் ஆளை நிறுத்திவிடுகிறோம். மறுப்புச் சொல் சேர்ந்ததும் பொருள் எங்கே தாவும் என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது.

அதன் பிறகு பலகையில் நேருக்கு நேர் எழுதுவதை விட்டேன். ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: மீறிச் செய்தால் தப்பா? தப்பு என்றால் மஸ்ட் நாட். செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றால் டோன்ட் ஹேவ் டு. உதாரணம் தேட அலைய வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற சுற்றுலா வண்டிக்கு இ-பாஸ். காரில் வந்தால் எடுத்தாக வேண்டும்: ஹேவ் டு. அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை: டோன்ட் ஹேவ் டு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரவே கூடாது, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி: மஸ்ட் நாட். விருந்தினரிடம் தினமும் சொல்கிற விஷயங்கள் என்பதால் வகுப்பில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

வரிசையையும் மாற்றினேன். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் மஸ்ட்டை முதலில் வைக்கின்றன. சின்னச் சொல், மனப்பாடம் எளிது. ஆனால் மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது; அதுவே பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவமாக இருந்து தேய்ந்துவந்த சொல். ஹேவ் டு அப்படி இல்லை. 'நேத்து வத்தலக்குண்டு வரைக்கும் இறங்க வேண்டியிருந்துச்சு' என்பதற்கு ஹேட் டு அப்படியே பொருந்தும். கேள்வி கேட்கவும் மறுக்கவும் ஏற்கெனவே படித்த 'டூ', 'டோன்ட்' போதும். எனவே தொடக்கநிலையில் ஹேவ் டு முதலில், டோன்ட் ஹேவ் டு அதை ஒட்டி. மஸ்ட் நாட் அறிவிப்புப் பலகைகளோடு பிறகு வரட்டும்.

இன்னொரு சிக்கல், 'போகணும்'. ஆசையும் அதுதான், கட்டாயமும் அதுதான். லீவு கேட்கிற பையன் 'ஐ வான்ட் டு கோ ஹாஸ்பிட்டல்' என்கிறான், ஆஸ்பத்திரிக்கு ஆசைப்பட்டவன் போல. 'போயாகணும்' என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். வாக்கியம் அசையாமல் நின்றால் ஹேவ் டு.

மஸ்ட்டுக்கும் ஹேவ் டுவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நிலையில் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன். தொட வைத்தவர் பூம்பாறையிலிருந்து வருகிற ஓர் அக்கா, ஹோம்ஸ்டே ஒன்றில் சமையல். அன்று பாடம் பழனிக் கோயில். 2023 அக்டோபர் 1 முதல் உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது: மஸ்ட் நாட். விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, படி ஏறித்தான் ஆக வேண்டும் என்று இல்லை: டோன்ட் ஹேவ் டு.

"சார், நான் பழனிக்கு முடி இறக்குறதா வேண்டியிருக்கேன். அது மஸ்ட்டா, ஹேவ் டுவா?"

ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். நான் அதுவரை இலக்கணமாகப் புரட்டிக்கொண்டிருந்த வேண்டுதான் அவர் வாயில் நேர்த்திக்கடனாக வந்து நின்றது. "யாராவது சொன்னாங்களாக்கா?" என்றேன். "யாரும் சொல்லலை, நானாத்தான் வேண்டிக்கிட்டேன்." வெளியிலிருந்து வருகிற கட்டாயத்துக்கு ஹேவ் டு, தன் மனசே போடுகிற கட்டாயத்துக்கு மஸ்ட் என்று புத்தகத்தில் ஒரு பிரிவு உண்டு, பேச்சில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. இருந்தாலும் அன்றைக்கு, "உங்களுக்கு மஸ்ட்" என்றேன்.

"படியேறியே வர்றேன்னும் வேண்டியிருக்கேன். அப்ப விஞ்ச்ல போனா?"

வகுப்பைப் பார்த்து என் கேள்வியையே கேட்டேன்: மீறிச் செய்தால் தப்பா? "வயசாச்சு, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. டோன்ட் ஹேவ் டு கிளைம்ப்" என்றார் ஓட்டுநர். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அக்கா குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு, "ஐ மஸ்ட் நாட் கோ விஞ்ச்" என்றார்.