தகடு மட்டும் என்னிடம்

அக்கா மகள் குறும்படம் எடுக்கிறாள். முகூர்த்த நாட்களில் கல்யாணப் போட்டோவும் எடுக்கிறாள். “ஸ்டில்லுக்கும் வீடியோவுக்கும் சேர்த்து ஒரே லைட் மீட்டர் வாங்கணும் மாமா, எதை வாங்கட்டும்?” என்று போனில் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். நான் அரை மணி நேரம் என் பழைய மீட்டரைப் பற்றியே பேசினேன். அவளும் பாவம், ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.

என்னுடையது செகோனிக் எல்-398. எழுபதுகளில் வந்த மாடல். நான் அதை வாங்கியது தொண்ணூறுகளில், வடபழனியில், பழைய சாமானாக. உள்ளங்கை கொள்ளும் அளவு. மேலே பிங்பாங் பந்தைப் பாதியாக நறுக்கி ஒட்டியது போல ஒரு வெள்ளைக் குமிழ், கீழே எண்கள் பொறித்த சக்கரம், நடுவில் பொத்தான். பேட்டரியே கிடையாது. உள்ளே இருக்கும் செலினியத்தில் வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரத்தை உண்டாக்கி முள்ளை நகர்த்தும். பொத்தானை அழுத்தினால் முள் துள்ளிக் கிளம்பும், ஒரு கணம் தள்ளாடும், அடங்கும். விரலை எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்பதற்காகவே சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட ஜன்னல் பக்கம் நீட்டி அழுத்துவேன்.

அப்போது நான் சினிமாவில் ஸ்டில் போட்டோகிராபர் ஒருவருக்கு அசிஸ்டென்ட். ஷாட் ஓகே ஆனதும் ‘ஸ்டில்’ என்று குரல் கொடுப்பார். நடிகர்கள் அதே நிலையில் நிற்பார்கள். லைட்டை அணைப்பதற்குள் எடுத்தாக வேண்டும். கேமராமேன் ‘டூ எய்ட்’ என்று ஸ்டாப்பைச் சொன்னது காதில் விழுந்திருக்கும், ஆனால் அது அவருடைய கணக்கு. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் கேமராவில் ஷட்டர் சாதாரணமாக நொடியில் 48-ல் ஒரு பங்கு. அவர் போட்டிருப்பது 500 ஏஎஸ்ஏ நெகட்டிவ், எங்களிடம் இருப்பது 400. ஸ்டில் கேமராவில் ஷட்டரை 60-ல் வைத்தால் அரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலேயே குறையும். அதனால் 30 வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவோம். எல்-398-ன் சக்கரத்தில் ஸ்டில் வேகங்களோடு சினிமா வேகங்களுக்கும் குறி உண்டு. ஒரே திருப்பில் இரண்டு கணக்கையும் பார்த்துவிடலாம்.

அந்த மீட்டரோடு சின்ன உலோகத் தகடு ஒன்று வரும். ஹை ஸ்லைடு என்பார்கள். வெயிலில் அளக்கும்போது குமிழுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் அதைச் செருக வேண்டும். அது வெளிச்சத்தை வடிகட்டிக் கொஞ்சமாக உள்ளே விடும். செருகியிருந்தால் சக்கரத்தில் ‘ஹெச்’ என்ற குறியில் வைத்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணக் குறியில். விஷயம் இவ்வளவுதான். இதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கோட்டைவிட்டேன். கோயில் பிராகாரம், உச்சி வெயில். தகட்டைச் செருகிவிட்டு, சாதாரணக் குறியில் வைத்துக் கணக்குச் சொல்லிவிட்டேன். ஒரு ரோல் முழுக்க நெகட்டிவ் தார் ஊற்றியது போல வந்தது. போட்டோகிராபர் அண்ணன் திட்டவில்லை. அந்த நெகட்டிவ் துண்டு ஒன்றை மீட்டரின் உறைக்குள் போட்டுவைத்தார். உறையைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கேமராவிலேயே மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று அக்கா மகளும் கேட்டாள். கேமரா மீட்டர் பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த மாப்பிள்ளை நின்றால், வேட்டியைக் கண்டு மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் காணாமல் போகும். கைமீட்டருக்கு வேட்டியும் தெரியாது, நிறமும் தெரியாது. முகத்தருகே போய், குமிழைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்தால், அந்த முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் சொல்லும். அதற்கு நாம் எழுந்து நடந்து, ஆளிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் போய் நிற்க வேண்டும். தாடைக்குக் கீழே கை நீளும்போது பெரிய நடிகர்கள்கூடக் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார்கள். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை வரும். இன்று தூரத்தில் நின்று திரையைப் பார்த்தபடியே எல்லாம் முடிந்துவிடுகிறது.

அவளுக்கு நான் கடைசியில் சொன்னது எல்-308 எக்ஸ். ஃப்ளாஷை அளக்கும், வீடியோவுக்கான வேகங்களும் அதில் உண்டு, ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதும். வீடியோவில் 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 50-லேயே நின்றுவிடும். அப்புறம் மீட்டர் சொல்ல வேண்டியது ஸ்டாப் மட்டும்தான். எல்-398 ஃப்ளாஷை அளக்காது, மங்கலான வெளிச்சத்தில் முள் அவ்வளவாக அசையாது. கல்யாண மண்டபத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பழையதில் செலினியமும் வயதாக ஆகத் தளர்ந்துபோகும். வாங்குவதானால் மேகமில்லாத மதியத்தில் 100 ஏஎஸ்ஏ வைத்து அளந்து பார்க்க வேண்டும். ஷட்டர் 125-ல் ஸ்டாப் 16-ஐ ஒட்டிக் காட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பழசின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அவள் பிழைப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

என் மீட்டரை 2007-ல் விற்றுவிட்டேன். டிஜிட்டல் கேமரா வாங்கப் பணம் குறைந்தது. தேடி வந்த பையன் கையில் வாங்கிய உடனே முள்ளைத் துள்ளவிட்டுப் பார்த்துச் சிரித்தான். உறை கிழிந்திருக்கிறது, வேண்டாம் என்று மீட்டரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்கப்புறம் என் மனைவி அந்த உறையில் ஊசி நூல் போட்டுவைத்திருந்தாள்.

போனை வைத்த பிறகு அதைத் தேடி எடுத்துக் கவிழ்த்தேன். ஊக்கு, பொத்தான்கள், கறுத்துப்போன அந்த நெகட்டிவ் துண்டு. உள் மடிப்பில் கையை விட்டால் சில்லென்று ஒன்று விரலில் தட்டியது. ஹை ஸ்லைடு.

ஆக, அந்தப் பையன் தகடு இல்லாமல்தான் கொண்டுபோயிருக்கிறான். சென்னை வெயிலில் பொத்தானை அழுத்தினால் முள் நேரே கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். மீட்டர் பழுது என்று எங்கேயாவது தூக்கிப் போட்டிருப்பானோ என்னவோ. அவன் போன் நம்பரும் என்னிடம் இல்லை.