பின்தங்கிய பக்கம்

அரிவாளின் பெருமையை அதன் கூர்மையைக் கொண்டே நாம் அளக்கிறோம். விரலால் வாயைத் தடவிப் பார்த்து, 'நல்ல அரிவாள்' என்று மதிப்பிடுகிறோம். கூர்மையோ சில நாளில் மழுங்கும். சாணை பிடித்தால் திரும்பவும் வரும். கொல்லர் அமைத்துத் தந்த சரிவுதான் அந்த அரிவாளின் ஆயுள் முழுவதும் உடன் வருவது.

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் உள்ளது நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 'திருப்பாச்சி' என்றாலே அரிவாள்தான். ஊரின் பெயரே பொருளின் பெயராயிற்று. அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் அரை நாள் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. லாரிப் பட்டையை உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வளைப்பதைக் காண எவரும் நின்றுவிடுவர். அதன்பின் அரமும் சாணையும் கொண்டு நடக்கும் வேலையை வேடிக்கை பார்ப்பவர் இல்லை. அரிவாளின் தரம் முடிவாவது அந்த வேலையில்தான்.

அரிவாளின் இரு முகங்களும் முதுகிலிருந்து ஒரே அளவாகச் சரிந்து, வாயின் நடுக்கோட்டில் சந்திக்க வேண்டும். ஒரு முகம் கூடுதலாகத் தேய்ந்தால் கோடு மறுபக்கம் நகர்ந்துவிடும். அத்தகைய அரிவாள் ஓங்கி வெட்டும்போது நேரே இறங்காது, ஒருபுறமாக இழுக்கும். தென்னையின் உச்சியில் ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டு, மறுகையால் மட்டையை வெட்டும் தொழிலாளிக்கு இது சிறு குறையன்று. தடம் மாறும் வெட்டு அவர் காலில் விழக்கூடும்.

சிறு கத்தியில் எளிதாக முடியும் இவ்வேலை பெரிய அரிவாளில் கடினமாகிறது. அதன் கனமே கையைத் தாழ்த்தும். வளைந்த மூக்கை நெருங்கும்போது பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் சரிவு மாறும். எல்லாவற்றிலும் பெரிய இடர், நம் இரு கைகளும் சமமாக இல்லாததே. ஒரு முகத்தை இயல்பாகத் தேய்க்கும் கை, அரிவாளைத் திருப்பியதும் தடுமாறுகிறது. இக்காலத்து மின்சாணையின் வேகத்தில் அத்தடுமாற்றம் இன்னும் விரைவாகப் பதிந்துவிடும்.

"இரு பக்கமும் இத்தனை இழுப்பு என்று கணக்கு உண்டா, ஐயா?" என்று கேட்டேன்.

"எண்ணித் தேய்ச்சாக் கோணிப்போகும். பாத்துப் பாத்துத்தான் தேய்க்கணும்" என்றார் அந்த முதியவர்.

அப்படியே செய்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, உடலை அசைத்துச் சில இழுப்புகள். உடனே வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் ஒரு பார்வை. எந்தப் பக்கம் பின்தங்கியிருந்ததோ அந்தப் பக்கத்திற்கே அடுத்த இழுப்பு. இடையிடையே தண்ணீரில் தோய்த்தார். வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரியை எட்டி மெல்லிய வாயில் நீலம் படர்ந்தால் எஃகின் பதம் கெட்டுவிடும். தேய்ந்துபோன இரும்பைத் திரும்ப ஒட்டவும் இயலாது. எனவே அவசரத்திற்கு அங்கே இடமில்லை.

இத்தனை கவனத்தோடு உழைப்பவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? 2005-இல் வெளிவந்த 'திருப்பாச்சி' திரைப்படம் அந்த அரிவாளைத் தமிழகமெங்கும் சண்டைக் கருவியாகவே அறியச் செய்தது. 2021-இல் அரிவாள், கத்தி வாங்குவோரின் விவரங்களைக் குறித்துவைக்குமாறு காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. குற்றங்கள் நடப்பதால் அந்த எச்சரிக்கையைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் தென்னைக்கும் சீமைக்கருவேலுக்கும் இறைச்சிக் கடைக்கும், கருப்பர் கோவில் நேர்த்திக்கடனுக்கும் அரிவாள் செய்து தருபவர் பக்கமும் ஒன்று உண்டு. நம் பார்வை அந்தப் பக்கத்தைத் தொட்டதேயில்லை.

இரு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு செய்துவிட்டோம் என்று பெற்றோர் நிறைவடைவதுண்டு. ஒருவன் தானே நிமிர்ந்துகொள்வான். மற்றவனுக்கு இன்னும் சில இழுப்புகள் தேவைப்படும். அதை எண்ணிக்கை நமக்குச் சொல்லாது. அந்த முதியவரைப்போல் நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.