8 வெற்றி, 5 சமநிலை, 5 தோல்வி



2020 மார்ச் 14, சனிக்கிழமையன்று, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதிப் போட்டி நடைபெற்றது. கொரோனா அச்சத்தினால் பார்வையாளர் ஒருவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. வெற்று இருக்கைகளின் நடுவே நம் சென்னையின் எஃப்.சி. அணி, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்ற கணக்கில் தோற்றது. தபசு காலத்தில் ஒரு போதகர் கால்பந்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பொறுமையாக வாசியுங்கள், இது ஒரு நோயாளியைப் பற்றியதும்கூட.

நம் சபையில் 'பி.டி. மாஸ்டர்' என்று எல்லாரும் அழைக்கும் மூப்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பெயரைப் போடாவிட்டால் தம்மைப் பற்றி எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகம் செயலிழந்து, செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். 2014இல் சென்னை அணி தொடங்கப்பட்ட நாள் முதல் அதன் ரசிகர். அந்த நோயில் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர் அவரே.

இந்த அணிக்கு ரசிகராய் இருப்பது எளிதன்று. முதல் ஆண்டில் பட்டியலில் முதலிடம் பெற்று அரையிறுதியில் வீழ்ந்தது. 2015இல் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்த டிசம்பரில், சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி வென்று, இறுதியில் கோவாவை 3-2 என வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2018இல் பெங்களூருவை அவர்களுடைய மைதானத்திலேயே வென்று மீண்டும் கோப்பை. அதற்கடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும், கடைசி இடம்.

2019-20 பருவத்தின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம், நவம்பர் 25, ஹைதராபாத்துக்கு எதிராகச் சென்னையில். அன்று திங்கட்கிழமை. போதகர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டென்றால் அது திங்கட்கிழமைதான். மாஸ்டரும் நானும் பேருந்தில் புறப்பட்டோம். பயணம் முழுவதற்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. செஞ்சியில் ஒரு மிடறு, திண்டிவனத்தில் ஒரு மிடறு.

தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தும் 0-0. கோயம்பேட்டிலிருந்து புறப்படும் பேருந்தை நினைத்து நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுதல் நேரத்தில் மால்டா நாட்டு வீரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி கோல் அடித்தார். அணியின் அந்தப் பருவத்து முதல் கோல். அரங்கம் எழுந்து அமர்வதற்குள் ஹைதராபாத் சமன் செய்தது. மாஸ்டர் தலையில் கை வைத்தார். அடுத்த ஓரிரு நிமிடங்களில் லிதுவேனியரான நெரியஸ் வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். பின்னிரவு மூன்று மணிக்குத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம். காலையில் மாஸ்டர் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார்.

அதற்கடுத்த ஆட்டம் 2-2. ஆறு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகள். பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அவருடைய முதல் ஆட்டம் டிசம்பர் 9, ஜாம்ஷெட்பூரில். முன்னிலையில் இருந்த நம் அணி ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாங்கி 1-1 என முடித்தது. மறுநாள் கார்த்திகை தீபம், செவ்வாய்க்கிழமையும்கூட. தீபத்தன்று நம் ஊரில் வாகனம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று எவரும் சொல்ல முடியாது. விடியுமுன் நானும் அவருடைய மகனும் அவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிச் சென்றோம். கிரிவலம் சென்றுகொண்டிருந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு முதியவர் தம் துண்டால் விசிறிக்கொண்டே சிறிது தூரம் கூட வந்தார். மாஸ்டரோ, கடைசி நிமிடத்தில் தடுப்பாட்டக்காரர்கள் ஏன் பின்வாங்கினார்கள் என்று வழிநெடுக என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

காயில் வந்தார், அணி எழுந்தது என்று ரசிகர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். நடந்தது அவ்வளவு சுருக்கமன்று. கிறிஸ்துமஸ் மறுநாள் சொந்த மைதானத்தில் கோவாவிடம் 3-4; ஜனவரி 6 அன்று ஒடிசாவிடம் 0-2. அதன் பிறகே எட்டு ஆட்டங்கள் தோல்வியின்றிக் கடந்தன. கொச்சியில் கேரளாவை 6-3, கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1. ஆம், அதே ஏ.டி.கே.! 29 புள்ளிகளுடன் நான்காம் இடம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை 4-1 என வென்று, மறு ஆட்டத்தில் 2-4 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பி இறுதிக்கு வந்தார்கள். வால்ஸ்கிஸ் அடித்தவை மொத்தம் 15 கோல்கள். தங்கக் காலணி அவருக்கே.

இந்த இரண்டு தோல்விகளுக்கும் இடையில், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒரு காரியம் நடந்தது. அன்பு மிகுதியால் சபையார் சிலர், மாஸ்டர் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும் என்றார்கள். அந்த மாதம் அவருக்கு இரத்த அளவு சற்றே கூடியிருந்தது. "ஆண்டவர் சுகம் தந்தார் என்று சொல்லுங்கள், மாஸ்டர், கேட்கிறவர்களுக்கு விசுவாசம் பெருகும்" என்றார் ஒருவர். மாஸ்டர் எழவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "ஐயா, எனக்கு வாரத்தில் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் சுமார், மூன்று நாள் முடியவில்லை. இதைச் சொல்ல அனுமதித்தால் நிற்கிறேன். இதை வெற்றி என்று சொல்லச் சொன்னால் என்னால் ஆகாது."

இந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. நம் சபைகளில் சாட்சிக்கு ஒரு வடிவம் உருவாகிவிட்டது. துன்பம், ஜெபம், விடுதலை என்று மூன்று படிகள். மூன்றாம் படிக்கு ஏறாதவருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. இறையியல் கல்லூரியில் சங்கீதங்களைப் படித்த நாட்களில் ஹெர்மன் குன்கெல் என்ற ஜெர்மானிய அறிஞரின் ஆய்வை எங்களுக்குக் கற்பித்தார்கள். சங்கீதங்களை வகை வகையாகப் பிரித்தவர் அவர். அவருடைய பகுப்பில் எண்ணிக்கையில் மிகுந்தவை தனிமனிதப் புலம்பல்கள். அவற்றுள் பல இறுதியில் துதியாகத் திரும்புகின்றன என்பது உண்மை. ஆனால் 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் விட்டுவிடவில்லை, திருத்தவும் இல்லை. ஆலயத்தில் பாடுவதற்கென்றே வைத்தார்கள். வேதத்தில் இடமுள்ள ஒன்றுக்கு நம் ஞாயிறு ஆராதனையில் ஏன் இடமில்லை என்பதே என் கேள்வி.

மார்ச் 14, சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவர் வீடு திரும்பிய பின், அவர் வீட்டில்தான் இறுதிப் போட்டியைப் பார்த்தோம். (அரையிறுதிகளும் இறுதியும் சனிக்கிழமைகளிலேயே வந்ததால், மூன்று வாரமாகப் பிரசங்கத்தை வெள்ளிக்கிழமையே ஆயத்தம் செய்யவேண்டியதாயிற்று.) பத்தாம் நிமிடத்திலேயே ஏ.டி.கே. முந்தியது. இடைவேளை முடிந்ததும் இரண்டாவது கோல். 69ஆம் நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பியபோது மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். கூடுதல் நேரத்தில் மூன்றாவது கோல் விழுந்ததும் பின்னால் சாய்ந்துகொண்டார். கண்ணீர் வரவில்லை, ஆறுதல் வசனமும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்துப் புள்ளிப்பட்டியல் இருந்த செய்தித்தாளை எடுத்து, "8 வெற்றி, 5 சமநிலை, 5 தோல்வி. இதுதான் ஐயா எங்கள் சீசன். கிரிவெல்லாரோ ஆடியதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்றார். 'எங்கள்' என்றது அணியை மட்டுமா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆராதனையில் அவரைப் பேசும்படி அழைத்தேன். உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம் பேசினார். நல்ல நாள், கெட்ட நாள், தீபத்தன்று விசிறிய முதியவர், மனைவிக்குத் தெரியாமல் அழுத இரவு எல்லாவற்றையும் சொன்னார். முடிவு என்று ஒன்றும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். "ஆமென்" சொல்லச் சபை சற்றுத் தாமதித்தது; பின் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் தொடங்கி வைத்தது. ஆராதனை முடிந்ததும் நான்கு பேர் அவரிடம் தனியே பேசக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டு நிலைமை எட்டு ஆண்டுகளாக எனக்கே தெரியாது.

அதற்கடுத்த ஞாயிறு, 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்தது. காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை. அன்று ஆலயத்தில் ஆராதனை இராது, வீடுகளில் ஜெபியுங்கள் என்று சபையாரிடம் சொன்னேன். டயாலிசிஸ் மட்டும் எந்த நோய்க்காகவும் தள்ளிப்போடக்கூடியதன்று. அதற்கு முந்தின சனிக்கிழமை மாஸ்டரை அழைத்துச் செல்ல வாலிபர் சங்கத்தினர் இருவர் ஒத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலைக்கு இன்னும் ஒருவர் தேவைப்பட்டார். வண்டி உள்ளவர்கள் என்னை அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.