ஆயாவும் அப்பத்தாவும்

இரண்டாம் வகுப்பில் நாங்கள் நாற்பது பேரும் ஒரே வீட்டைத்தான் வரைந்தோம். சதுரச் சுவர், முக்கோணக் கூரை, பக்கத்தில் தென்னை மரம், பின்னால் இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன். சிலேட்டுகளை வாங்கி வாங்கிப் பார்த்த டீச்சர் ஜன்னலைக் காட்டி, "அங்க எத்தினி மலைடா தெரியுது?" என்றார். எங்கள் ஊர் வேங்கிக்காலில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரே மலைதான். 2,668 அடி அண்ணாமலை. எங்களுக்குச் சூரியன் அதற்குப் பின்னால் இறங்குமே தவிர, இரண்டு மலைக்கு நடுவில் ஒருநாளும் முளைத்ததில்லை. "அப்ப இது யாரு வூடு? நாளைக்கு அவங்கவங்க வூட்ட வரஞ்சி எடுத்தாங்க."

மறுநாள் வந்தவை, பையில் உரசிப் பாதி அழிந்த வீடுகள். கரும்புத் தோகை வேய்ந்த கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு. நான் திண்ணையில் கிடந்த மல்லாட்டை மூட்டைகளை வீட்டைவிடப் பெரிதாகப் போட்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் பையன் வெறும் மாடிப்படி மட்டும் வரைந்திருந்தான். ஏரிக்கரையிலிருந்து வரும் இருளர் வீட்டுப் பையனின் படத்தில் வாசலைவிட நாய் உயரம். எல்லோரும் சிரித்தோம். "நாயி வெளிய நிக்குது. நாங்க குனிஞ்சிதான் உள்ள போவோம்" என்றான். டீச்சர் சிரிக்கவில்லை. அந்தச் சிலேட்டை மட்டும் அழிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

1989 செப்டம்பர் 30-ஆம் தேதி வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து எங்களுக்குத் தனி மாவட்டம் கிடைத்திருந்த நேரம். ஆபீஸ் உத்தியோகத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து குடியேறினார்கள். அப்படி வந்தவன்தான் அந்த மாடிப்படிக்காரன், மதுரைப் பக்கம். ஒருநாள் அவனிடம், எங்க ஆயா கேவுரு களி கிண்டியது என்று சொல்லிவிட்டேன். "உங்க வீட்ல ஆயா வச்சிருக்கீங்களா?" என்றான். வெச்சிருக்கிறதுக்கு ஆயா என்ன மாடா? சட்டையைப் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவைத்தான் அவன் ஊரில் ஆயா என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்குப் பாட்டி என்றால் அப்பத்தா.

டீச்சர் எங்களைப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, அம்மாவைப் பெத்தவங்களை, அப்பாவைப் பெத்தவங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீங்க என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஆயா, அப்பத்தா, அம்மாச்சி, தெலுங்கு பேசும் வீட்டில் அவ்வா, உருது பேசும் வீட்டில் நானி, தாதி. கரும்பலகை முழுக்க எழுதி, நடுவில் கோல் ஊன்றிய ஒரு கூனல் கிழவியை வரைந்தார். அப்போது ஒருத்தி எழுந்து, "எங்க ஆயாவ எங்க நைனா அக்கான்னு கூப்புடுவாரு" என்றாள். வகுப்பு குழம்பிப்போனது. அக்கா மகளைக் கட்டினால் அக்காவே மாமியார் என்பதை விளக்குவதற்குள் கணக்குப் பாடம் முழுதும் தீர்ந்துவிட்டது. எனக்கு இன்றுவரை கணக்கு வராததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கார்த்திகை தீபத்தன்று எல்லோர் கண்ணும் மலை உச்சிமேல். ஆறு மணிக்கு அங்கே கொப்பரையில் ஜோதி தெரிந்த பிறகுதான் எங்கள் வாசலில் அகல் ஏற்றுவோம். எதிர்வீட்டில் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அம்மா நீட்டிய அடையை அந்த வீட்டுப் பெண் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு, "காலைல சாப்புடறேன் அத்தே" என்றாள். ஆனால் மாவளி சுற்றுவதில் அவளை யாரும் மிஞ்சவில்லை. பனம்பூக் கரியை இடித்துத் துணியில் கட்டி, மட்டைக்குள் செருகி, நெருப்பு வைத்து அவள் சுழற்றினால் தெருவே பொறியாகக் கொட்டும்.

தை அறுவடை சமயம். ஏரிக்கரைப் பையன் வீட்டில் எலிக்கறி என்று கேள்விப்பட்டு, சத்துணவு வரிசையில் என் தட்டை நகர்த்திக்கொண்டேன். டீச்சர் பார்த்தார். அடி விழும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன், விழவில்லை. மூன்றாம் நாள் எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். அவன் நைனா வளைகளைச் சேற்றால் அடைத்து, ஒன்றில் மட்டும் ஓட்டைப் பானையைக் கவிழ்த்து, வைக்கோல் புகையை ஊதினார். பிறகு தோண்டினார். எலி வந்தது, கூடவே கொத்துக் கொத்தாக நெற்கதிர். ஒரு முறம் நிரம்பியது. "எலியோட ரேஷன் கடை" என்றான் அவன். நான்தான் முதலில் சிரித்தேன், இந்த முறை வேறு மாதிரி.

மாசியில் ஒரு வாரம் அவனைக் காணோம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான் என்றே நினைத்தோம். திரும்பியவன் கையில் ஒரு சங்கு. மாசிமகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலேயே தங்கிக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். "எங்க சித்தப்பாவுக்கு அங்கியே கண்ணாலம்" என்றான். டீச்சர் தன் நாற்காலிப் பக்கம் அவனை நிற்கவைத்து, கடலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எங்களில் ஒருவரும் கடல் பார்த்ததில்லை, மாடிப்படிக்காரன் உட்பட.

"நம்ம ஏரி மாதிரி இருக்குமா?"

"ஏரி தூங்கும்டா. அது தூங்காது."

சங்கு பெஞ்சு பெஞ்சாகப் போனது. முதலில் காதில் வைத்துப் பார்த்தது டீச்சர்தான். என்னிடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. ஒருநாள் எடுத்துப்போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க ஆயாவுக்குக் காட்டிட்டுக் கொண்டாந்துடு" என்றான்.

ஆயா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. சங்கை அதன் காதோடு வைத்து அழுத்தினேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டது. பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, மழ வருதா? மூட்டைய உள்ள எடுத்துப் போடு" என்றது.