இரண்டாவது யூனிட்



சென்ற ஷஅபான் மாதத்தில் என் அத்தா நிமோனியாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாட்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் பணி மருத்துவர் என்னை அழைத்து, "ஹீமோகுளோபின் 7.6. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்பாடு செய்யுங்கள்" என்றார். அன்றிரவு வேறு இரண்டு வார்டுகளும் அவர் பொறுப்பில் இருந்தன.

மதரஸாவின் முன்னாள் மாணவர்கள் இருவர் ஓடி வந்து இரத்தம் கொடுத்தனர். அதற்கு ஈடாக, பரிசோதித்து வைத்திருந்த பைகளை இரத்த வங்கி ஒதுக்கியது. முதல் பை வந்தது; ஏற்ற ஆளில்லை. நோயாளியின் பெயரையும் பையின் எண்ணையும் இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். நான்கு படுக்கைகளுக்கு ஒரே செவிலியர். மற்றவர் வரும்வரை பை மேசைமேல் கிடந்தது. ஏற்றத் தொடங்கியபின் முதல் 15 நிமிடங்கள் அருகிலேயே நின்று கவனிக்க வேண்டுமாம். வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவர் 'குளிர்கிறது', 'மூச்சு முட்டுகிறது' என்று சொல்ல மாட்டார் அல்லவா? அந்தப் பெண் நின்றார். ஆனால் அடுத்த படுக்கையின் அலாரம் இரண்டு முறை அவரை இழுத்துச் சென்றது.

காலையில் தீவிர சிகிச்சை நிபுணர் வந்ததும் இரண்டாவது யூனிட்டை நிறுத்தினார். "இரத்தக்கசிவு இல்லை, இதயக் கோளாறும் இல்லை. 7க்குக் கீழே போனால் பார்ப்போம்" என்றார். 1999இல் வெளியான கனடா ஆய்வொன்றில் 838 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்களாம். 7க்குக் கீழே இறங்கியபோது மட்டும் இரத்தம் பெற்றவர்கள், 10க்குமேல் வைக்கப்பட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. தினமும் பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தையும் அவர் குறைத்தார். அதுவும் ஹீமோகுளோபினை இறக்குமாம்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் இரவில் ஏற்றியது வீணா?" என்றேன்.

"நான் இருந்திருந்தால் காத்திருந்திருப்பேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருப்பதென்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆளில்லாத இரவில் எண்ணைத்தான் பார்க்க முடியும்" என்றார்.

ஜும்ஆவில் இரத்ததானம் பற்றிப் பேசியபோதெல்லாம் எத்தனை யூனிட் என்று பெருமையாகக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். இரவில் எத்தனை படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்று எந்த மருத்துவமனையிலும் கேட்டதில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அத்தா வீடு திரும்பினார்கள். மாணவர்களில் இளையவன், "ஹஜ்ரத், நான் கொடுத்தது அத்தாவுக்கு ஏறியதா?" என்று கேட்டான். இல்லை, வங்கியில் இருக்கிறது, வேறு யாருக்கேனும் போகும் என்றேன். அவன் முகம் சற்று வாடியது. பிறகு, "அவங்க யாருன்னு தெரியாதா ஹஜ்ரத்?" என்றான்.