ரிட்ரீட் தெருவின் செங்கல் கோயில்

சிட்னி சென்ட்ரலில் விமான நிலைய ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கிரீன் ஸ்கொயர். சுரங்க நிலையத்தைவிட்டு மேலே வந்ததும் கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். எங்கும் அடுக்குமாடிகள். 278 ஹெக்டேர் பரப்பில் ஒரு புதிய ஊரே எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை முடியும்போது 60,000 பேருக்கு மேல் இங்கே குடியிருப்பார்கள் என்பது மாநகராட்சியின் கணக்கு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பாட்டனி சாலையிலிருந்து பிரியும் ஒரு குட்டித் தெரு இருக்கிறது. பெயர் ரிட்ரீட் தெரு. அதன் உள்ளே சிவப்புச் செங்கல்லில் ஒரு சீனக் கோயில். 1909ல் திறக்கப்பட்ட யியு மிங் கோயில்.

இந்தத் தெருவைச் சூழ்ந்த அலெக்சாண்ட்ரியா, வாட்டர்லூ பகுதிகள் ஒரு காலத்தில் மணல்மேடும் சதுப்புமாகக் கிடந்தவை. ஊருக்குள் வைத்துக்கொள்ள யாரும் விரும்பாத தொழில்களெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. தோல் பதனிடுதல், கம்பளி கழுவுதல், சோப்பு, செங்கல், பிறகு கண்ணாடி, இரும்பு. ஆஸ்திரேலியாவின் பர்மிங்காம் என்று அலெக்சாண்ட்ரியாவுக்குப் பட்டப்பெயரே உண்டு. அந்த நாற்றத்துக்கும் புகைக்கும் நடுவே சீனர்கள் காய்கறி பயிரிட்டார்கள். விடியுமுன் வண்டி கட்டி ஹேமார்க்கெட் சந்தைக்குக் கீரையும் முட்டைக்கோசும் போகும். சிட்னி நகரம் பச்சைக் காய்கறி தின்றதில் பெரும்பங்கு இவர்கள் உழைப்பு.

அவர்கள் பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் காவ்யாவ், காவ்மிங் என்ற இரண்டு வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள். கோயிலுக்குப் பெயர் கொடுத்ததும் அந்த இரண்டு ஊர்கள்தான். மூலவர் ஹுங் ஷெங், தென்கடலின் காவல் தெய்வம். கடல் தாண்டி வந்தவர்கள் வேறு யாரைக் கும்பிடுவார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து சிட்னிக் கட்டடங்களின் அதே செங்கல் வேலைதான். உள்ளே போனால் பொன்முலாம் பூசிய மரச் செதுக்கல்கள், ஊதுவத்திப் புகை படிந்த பலிபீடம். எண் பொறித்த மூங்கில் குச்சிகள் நிறைந்த குவளை ஒன்று இத்தகைய கோயில்களில் இருக்கும். முழந்தாளிட்டு, கேள்வியை மனத்தில் நிறுத்திக் குலுக்க வேண்டும். ஒரு குச்சி மட்டும் துள்ளி விழும்வரை குலுக்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய சீட்டில் பதில் இருக்கும்.

கோயிலையொட்டி வரிசை வீடுகளையும் அந்த இரண்டு ஊர்க்காரர்களின் சங்கம் கட்டிக்கொண்டது. என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான செய்தி அதுதான். 1901ல் ஆஸ்திரேலியக் கூட்டரசு பிறந்த கையோடு குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. ஏதோ ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். எழுதத் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். இந்தச் சொல்வதெழுதுதல் தேர்வு 1958வரை நடைமுறையில் இருந்தது. சீனர்களின் எண்ணிக்கை தேய்ந்தது. மனைவி, பிள்ளைகளை வரவழைக்க முடியாமல் தனியாகவே மூத்துப்போன ஆண்கள் ஏராளம். அவர்களுக்கு ஒதுங்க இடமும், ஊர்ப் பேச்சு பேச ஆளும், செத்தால் எடுத்துப்போட நாலு பேரும் அந்தத் தெருவில் கிடைத்தார்கள். நிலம் சங்கத்தின் கையில் இருந்ததால் தெருவும் நிலைத்தது.

மெல்பர்னில் இதற்கு மூத்த கோயில் ஒன்று உண்டு. தெற்கு மெல்பர்ன் ராக்லன் தெருவில் உள்ள சீ யுப் கோயில். இப்போதுள்ள கட்டடம் 1866ல் எழுந்தது. வரைந்தவர் ஜார்ஜ் வார்ட்டன் என்ற ஐரோப்பியக் கட்டடக் கலைஞர். தூணும் வளைவுமாக முகப்பு இத்தாலியப் பாணியில் இருக்கிறது. வாசலில் இருக்கும் சிங்கங்கள் சீனப் பாணி. உள்ளே வீற்றிருப்பவர் குவான் தி. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் பகைவரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்ட தளபதி. நம் மதுரை வீரனைப்போல, செத்தபின் தெய்வமானவர்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா காலனியில் தங்கம் கிடைத்த காலத்தில் வந்தவர்களின் கோயில் இது. 1855ல் சீனர் தலைக்குப் பத்துப் பவுன் வரி விதித்தார்கள். அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் பக்கத்துக் காலனியின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். நடந்தவர்களில் எல்லோரும் ஊர் திரும்பவில்லை. சீ யுப் கோயிலின் நினைவு மண்டபங்களில் சுமார் 13,000 பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. இறந்தவர் பெயரும் பூர்வீகமும் தாங்கிய சின்னஞ்சிறு பலகைகள், சுவர் முழுக்க வரிசையாக. வாரிசு யாரும் வந்து கேட்காவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். எந்த அரசு ஆவணக் காப்பகமும் இந்த மனிதர்களை இவ்வளவு மரியாதையோடு வைத்திருக்கவில்லை என்பேன்.

சிட்னி கிளீபில் 1898ல் திறந்த சே யுப் கோயில் இரண்டு முறை தீயைப் பார்த்தது. 1950களில் மூலக் கோயில் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. 2008ல் பக்கத்து முன்னோர் மண்டபம் எரிந்தது. அதையும் எழுப்பினார்கள். 1975க்குப் பின் வியட்நாமிலிருந்து வந்த சீன வம்சாவளியினர் கும்பிட வரத் தொடங்கியதும் அந்தக் கோயிலுக்குப் புது இரத்தம் பாய்ந்தது. தொல்பொருள் விற்பன்னர்கள் பழைய ஓட்டுக்கும் புது ஓட்டுக்கும் வேறுபாடு பார்ப்பார்கள். விளக்கேற்ற வருகிறவர் பார்ப்பதில்லை.

இந்தக் கோயில்களைக் கட்டியவர்களின் சொந்த ஊர்ப் பக்கம் என்ன ஆயிற்று? காவ்மிங் இன்று ஃபோஷான் மாநகரத்தின் ஒரு மாவட்டம். உலகத்துக்கே தரை ஓடுகளும் வீட்டுச் சாமானும் செய்து தள்ளும் தொழில் நகரம் அது. ஃபோஷானின் பழைய கோயில் ஒன்றை ஒட்டிய தெருக்களைச் சீரமைத்து லிங்னான் தியான்தி என்ற பெயரில் கடைவீதியாக்கினார்கள். வாணலிக்காது வடிவ மதில்கள் அப்படியே நிற்கின்றன. குடியிருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே உணவகமும் காபிக்கடையும் வைத்தாயிற்று. இடிக்காமல் விட்டார்களே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதைப் பண்பாட்டைக் காத்த கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கும்பிட ஆளில்லாமல் போனால் ஒரு கோயில் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவிலேயே தமிழர்களான நமக்கும் ஒரு சான்று இருக்கிறது. சுவான்சோ துறைமுகத்தில் 1281ல் எழுந்த சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதைக் கட்டிய வணிகர்கள் போய்விட்டார்கள். சிற்பங்கள் அருங்காட்சியகத்திலும், பௌத்தக் கோயிலின் அடித்தளத்திலும் சிதறிக் கிடக்கின்றன.

ரிட்ரீட் தெருவுக்கு வருவோம். நியூ சவுத் வேல்ஸ் அரசு 1999ல்தான் இந்தக் கோயிலை மாநில மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அதற்குமுன் தொண்ணூறு ஆண்டுகள் அதைக் காத்தது பட்டா, சங்கத்தின் வரவுசெலவு நோட்டு, நல்ல நாளில் தவறாமல் வந்த குடும்பங்கள். பட்டியல் வந்ததால் இனி அனுமதியில்லாமல் சுவரை யாரும் இடிக்க முடியாது. ஆனால் சங்கக் கூட்டத்துக்கு அடுத்த தலைமுறை வருமா என்பதைப் பட்டியல் பார்த்துக்கொள்ளாது. சுற்றிலும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது, விற்காமல் இருப்பதே ஒரு வைராக்கியம்.

சிட்னி, மெல்பர்ன் தமிழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. சிட்னிப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்கு 1985ல் குடமுழுக்கு நடந்தது. மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் 1994ஐச் சேர்ந்தது. முதல் ரசீதுப் புத்தகம் எழுதியவர்களும், யாருடைய வீட்டு வரவேற்பறையில் முதல் பூசை நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், பழைய கூட்டக் குறிப்புகளைப் பழைய தாள்காரரிடம் போடாதீர்கள். யியு மிங் கோயிலுக்கும் சீ யுப் கோயிலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே வழிபாடு நடந்துகொண்டிருக்கும், ஆகவே படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.